பி.டி. சாருக்கு இரண்டு கடிதம்

என் மகளுக்கு 7 வயதில் டைப் 1 சர்க்கரை நோய் என்று தெரிந்தது, உடம்பில் இன்சுலின் சுரக்காமல் போய் தினமும் ஊசியாகப் போட வேண்டிய வகை. அந்த வாரமே பள்ளிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன், அவளை ஓட்டப்பந்தயம், கோ-கோ எதிலும் சேர்க்க வேண்டாம் என்று. விளையாடும்போது சுகர் இறங்கி மயங்கி விழுந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். நாலு வருடம் மைதானத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என் பிள்ளை.

போன ஜூனில் வீட்டு வாசற்படியில் இடறி, கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டில் முறிவு, மாவுக்கட்டு. சர்க்கரை டாக்டரிடம் சொன்னபோது, கீழே விழுந்தால் எந்தக் குழந்தைக்கும் இது நடக்கும், ஆனால் டைப் 1 உள்ளவர்களுக்கு எலும்பு முறிவு மற்றவர்களைவிட அதிகம் என்றார். கண், சிறுநீரகம், பாதம் என்று எல்லாவற்றுக்கும் பயந்திருக்கிறேன், எலும்பை நான் நினைத்ததே இல்லை.

இன்சுலின் சுகரை இறக்க மட்டும் இல்லையாம், எலும்பைக் கட்டும் செல்களுக்கும் அது வேண்டும். சுகர் ஏறியே கிடந்தால் சிறுநீர் அதிகமாகப் போகிறது, கூடவே கால்சியமும் போகிறது. வருடக்கணக்கில் அப்படியே இருந்தால் எலும்புக்குள் இருக்கும் கொலாஜன் என்ற புரத நாரில் சர்க்கரை ஒட்டிக்கொண்டு அதன் வளையும் தன்மை போய்விடுகிறது. அதனால் ஸ்கேனில் அடர்த்தி சரியாகத் தெரிந்தாலும் எலும்பு உடையலாம். வாழ்நாளுக்கான எலும்பில் பெரும்பகுதி 18, 20 வயதுக்குள் சேர்ந்துவிடும் என்றும் சொன்னார். மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் எச்பிஏ1சி-யை 7 சதவீதத்துக்குக் கீழே வைக்கச் சொல்வதில் இதுவும் அடக்கம் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

அப்புறம் கேட்டார், "பாப்பா என்னம்மா விளையாடுறா?" எனக்குப் பேச்சு வரவில்லை. குதித்தால், ஓடினால், அந்த அதிர்வு பட்டுத்தான் எலும்பு இறுகும். நான் அதைத்தான் நிறுத்தி வைத்திருந்தேன்.

வைட்டமின் டி பார்த்தோம், குறைவு, மருந்து கொடுத்திருக்கிறார். கோதுமை ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய் டைப் 1-உடன் சேர்ந்து வருவதுண்டு, அது இருந்தால் கால்சியம் உடம்பில் சேராது என்பதால் அதற்கும் ரத்தம் எடுத்தார்கள், அது இல்லை. 10 முதல் 12 வயதுக்கு ஒரு நாளைக்கு 850 மில்லிகிராம் கால்சியம் வேண்டுமாம். பால், தயிர், முருங்கைக்கீரை, எள்ளுப்பொடி என்று சேர்க்கிறோம். கேழ்வரகில் கால்சியம் நிறைய இருக்கிறது, ஆனால் கூழாகக் குடித்தால் இவளுக்கு சுகர் விறுவிறுவென்று ஏறுகிறது, அதனால் அடைதான், அதையும் கணக்குப் போட்டுத்தான் ஊசி.

கட்டுப் பிரித்து, கை தேறிய பிறகு பி.டி. சாருக்கு இன்னொரு கடிதம் எழுதினேன். சார், இவளையும் ஆட விடுங்கள். ஆட்டத்துக்கு முன் அவளே சுகர் பார்த்துக்கொள்வாள், 130-க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டு வருவாள். கை நடுங்கினாலோ வியர்த்துக் கொட்டினாலோ உடனே உட்கார வைத்து, பையின் முன் ஜிப்பில் இருக்கும் குளுக்கோஸைக் கொடுங்கள், தனியாக எங்கும் அனுப்பாதீர்கள். மாலையில் ஆடிய நாளில் ராத்திரி சுகர் இறங்கலாம், அதை நான் எழுந்து பார்த்துக்கொள்கிறேன்.