பதினெட்டு முடிஞ்ச பிள்ளைக்கும் பாதுகாவலர் வேணும்

தம்பிக்கு மூளை முடக்குவாதம், பார்வையும் இல்ல. பதினெட்டு முடிஞ்சதும் பேங்க்ல அம்மா கையெழுத்து செல்லாதுன்னுட்டாங்க. வெளியே வந்து படிக்கட்டுலயே உக்காந்து அழுதாங்க அம்மா. பதினெட்டு வருஷம் தூக்கிச் சுமந்த கை அது.

வழி இருக்குங்க. 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவங்களுக்குக் கலெக்டர் இருக்குற உள்ளூர்க் குழுவே சட்டப்பூர்வப் பாதுகாவலரை நியமிக்கலாம். அதே சட்டத்தின் கீழ நிராமயாங்குற மருத்துவக் காப்பீடும் உண்டு. 1 லட்சம் வரைக்கும், தெரபிச் செலவும் அதுல சேரும்.

சென்னைப் பக்கம்னா முட்டுக்காட்டுல பல்வகைக் குறைபாட்டுக்குன்னே மத்திய அரசு நிறுவனம் இருக்கு. எங்களுக்கு இதை முதல்ல சொன்னது தெரபி வாசல்ல காத்திருந்த இன்னொரு அம்மாதான்.

மனு எழுதத் துணை வேணும்னா இன்பாக்ஸ் வாங்க, கூடவே வர்றேன்.