வாரம் ஒரு ஆல்பம்: இங்கிலீஷ் ஃபோக் ராக் கேட்கப் பழகிய கதை

இங்கிலாந்தின் பழைய நாட்டுப்பாடல்களை ராக் இசையோடு கலப்பதுதான் இங்கிலீஷ் ஃபோக் ராக். அதைக் கேட்கும் முதல் முயற்சி ஊத்திக்கொண்டது என்பதில் ஆரம்பிக்கிறேன். யாரோ தொகுத்து வைத்த பிளேலிஸ்டைப் போட்டு, பஸ்ஸில் போகும்போது ஃபோன் ஸ்பீக்கரில் கேட்டேன். எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி இருந்தது, ஃபிடில் (வயலின்தான்) மட்டும் காதைக் குத்தியது, நாலு நாளில் விட்டுவிட்டேன். இரண்டாவது தடவை எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு போட்டுக்கொண்டேன். வாரத்துக்கு ஒரே ஆல்பம், முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை, தள்ளிவிடாமல், ஹெட்ஃபோனில்.

முதல் வாரம் ஃபேர்போர்ட் கன்வென்ஷன் என்ற குழுவின் ‘அன்ஹாஃப்பிரிக்கிங்’. 1969-ல் மட்டும் இவர்கள் மூன்று ஆல்பம் போட்டிருக்கிறார்கள், இது நடுவிலானது. இதில் ‘எ செய்லர்ஸ் லைஃப்’ என்று பதினோரு நிமிடப் பாட்டு ஒன்று இருக்கிறது, ஒரே டேக்கில் பதிவு செய்தது. காதலனைத் தேடிக் கடலுக்குப் போகிற பெண்ணின் கதை. முதல் சில நிமிடம் டிரம்ஸ் தாளம் பிடிக்காமல் அலை மாதிரி வந்து வந்து போகிறது, அப்புறம் கிதாரும் ஃபிடிலும் ஒன்றை ஒன்று துரத்த ஆரம்பிக்கின்றன. அந்த டிரம்ஸ் வாசித்த மார்ட்டின் லாம்பிளுக்கு வயது 19. 1969 மே மாதம் பர்மிங்ஹாமில் கச்சேரி முடித்துவிட்டுத் திரும்பும்போது எம்1 நெடுஞ்சாலையில் வேன் கவிழ்ந்து இறந்துபோனார், ஆல்பம் வெளிவந்தது அதற்கு இரண்டு மாதம் கழித்து. இது தெரிந்த பிறகு அந்தப் பாட்டைச் சும்மா கேட்க முடியவில்லை.

அடுத்து அதே குழு அதே வருடக் கடைசியில் போட்ட ‘லீஜ் அண்ட் லீஃப்’. ஒரு வாரம் என்று நினைத்தது மூன்று வாரம் ஓடியது. விபத்துக்குப் பிறகு ஹாம்ப்ஷயரில் ஃபார்லி சேம்பர்லைன் என்ற சின்ன ஊரில் ஒரு பெரிய வீட்டை வாடகைக்கு எடுத்து, அங்கேயே தங்கி ஒத்திகை பார்த்துப் பிறந்த ஆல்பம் இது. பேஸ் வாசித்த ஆஷ்லி ஹட்சிங்ஸ் லண்டன் சிசில் ஷார்ப் ஹவுஸ் நூலகத்தில் பழைய பாட்டுகளைத் தோண்டிக்கொண்டிருந்தார், ஃபிடிலுக்கு டேவ் ஸ்வார்ப்ரிக் முழுநேரமாகச் சேர்ந்தார், டிரம்ஸுக்கு டேவ் மாட்டாக்ஸ்.

‘மேட்டி குரோவ்ஸ்’ எனக்கு முதலில் பிடிபடவே இல்லை. எட்டு நிமிடம், ஒரே மெட்டு திரும்பத் திரும்ப. மூன்றாவது நாள் வரிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டேன். பிரபுவின் மனைவி தேவாலயத்தில் பார்த்த ஒருவனை வீட்டுக்குக் கூப்பிடுகிறாள், வேலைக்காரன் ஓடிப்போய், ஆற்றை நீந்திக் கடந்து, பிரபுவிடம் சொல்லிவிடுகிறான். பிரபு வந்து அவனை எழுப்பி, தன்னிடமிருக்கும் இரண்டு வாளில் நல்லதை அவனிடம் கொடுத்து, முதல் வெட்டும் உனக்கே என்கிறான். முடிவில் இரண்டு பிணம். ஒரே குழியில் போடுங்கள், ஆனால் என் மனைவியை மேலே வையுங்கள், அவள் பெரிய குடும்பத்துப் பெண் என்கிறான் அந்த ஆள்! இவ்வளவையும் குழுவின் பாடகி சாண்டி டென்னி குரலை ஒரு இடத்திலும் உடைக்காமல், அக்கம்பக்கத்துச் சேதி சொல்கிற மாதிரி பாடிக்கொண்டே போகிறார். சோகம் என்றால் பாடுகிறவர் தொண்டையில் அழுகை வர வேண்டும் என்று பழகின காது என்னுடையது, அதனால்தான் இத்தனை நாள் ‘உணர்ச்சியே இல்லையே’ என்று தோன்றியிருக்கிறது. கதை முடிந்ததும் கிதாரும் ஃபிடிலும் பாய்கின்றன பாருங்கள், அவர் அடக்கி வைத்ததெல்லாம் அங்கேதான் வெளியே வருகிறது. மாட்டாக்ஸ் அடிப்பதும் குறைவுதான், ஒவ்வொரு அடியும் கனமாக, கொஞ்சம் தாமதமாக விழுவது போல. இதே ஆல்பத்தின் ‘டாம் லின்’னுக்குத் தாளம் போட்டுப் பார்த்தேன், இரண்டு தடவை தொடையில் தட்டித் தட்டித் தோற்றேன்.

அந்தக் கடுப்பில்தான் பென்டாங்கிள் என்ற குழுவின் ‘பாஸ்கெட் ஆஃப் லைட்’ (அதுவும் 1969) பக்கம் போனேன். முதல் பாட்டு ‘லைட் ஃப்ளைட்’ தாளக் கணக்கில் அஞ்சும் ஏழுமாக மாறி மாறிப் போகிறது, நடுவில் ஆறுக்குத் தாவுகிறது. நம் கர்நாடக சங்கீதத்தின் கண்ட சாபு (அஞ்சு), மிஸ்ர சாபு (ஏழு) என்று எண்ணிப் பார்த்தால் கணக்கு உட்கார்ந்துவிடுகிறது! ஜாக்கி மக்‌ஷீ அதன் மேல் சிரமமே தெரியாமல் பாடுகிறார். டேனி தாம்ப்சனின் டபுள் பேஸ் இந்த ஆல்பத்தின் முதுகெலும்பு, ஃபோன் ஸ்பீக்கரில் அது கேட்கவே கேட்காது. எலக்ட்ரிக் சத்தம் அதிகம் இல்லாததால் இதை ஃபோக் ராக் என்று சொல்லலாமா என்று சண்டை போடுபவர்கள் உண்டு, எனக்கு அதில் அக்கறை இல்லை.

ஸ்டீலை ஸ்பான் என்ற குழுவின் ‘ப்ளீஸ் டு ஸீ த கிங்’ (1971) ஆச்சரியம். டிரம்ஸே கிடையாது, ஆனால் மார்ட்டின் கார்த்தியின் எலக்ட்ரிக் கிதார் உலோகத் தகட்டைத் தட்டுவது போல ஒலித்து அந்த வேலையையும் பார்த்துவிடுகிறது. 1975-ல் வந்த அவர்களுடைய ‘ஆல் அரவுண்ட் மை ஹாட்’டும் கேட்டேன், நன்றாக விற்ற ஆல்பம், எனக்கு ஒட்டவில்லை.

இப்போது ஓடுவது ஷர்லி காலின்ஸ், ஆல்பியன் கண்ட்ரி பேண்ட் சேர்ந்து செய்த ‘நோ ரோஸஸ்’ (1971). அதில் மரியா மார்ட்டன் கொலை பற்றிய பாட்டு இருக்கிறது, 1827-ல் சஃபோக்கில் நிஜமாக நடந்தது. அதை ஷர்லி காலின்ஸ் தன் வெள்ளந்தியான குரலில் பாடுகிறார். இரண்டு ராத்திரி தூங்கப் போகும் முன் கேட்டுவிட்டுப் புரண்டுகொண்டிருந்தேன். இந்த ஆல்பத்தை மட்டும் காலை காப்பி நேரத்துக்கு மாற்றியாயிற்று.