பட்டாசல் தரை

ஜூன் 9, 2024, ஞாயிறு

நான்கு நாள் கழித்து இன்றுதான் வீட்டுக்கு வந்தேன். அண்ணன் ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குத் துணையாக இருக்கிறான். பூட்டைத் திறந்ததும் கண் நேராக அந்த இடத்துக்குத்தான் போனது. கூடமான பட்டாசலிலிருந்து இரண்டாம் கட்டுக்குப் போகிற நிலைப்படிக்கு இரண்டடி இந்தப் பக்கம். அங்கே ஒன்றுமில்லை. சிவப்புத் தரை, எப்போதும்போல.

விரிசல்களை எண்ணினேன். பட்டாசலில் நான்கு. ஜன்னல் பக்கத்தில் இருப்பது ஏழு சாண் நீளம். அடுப்படி வாசலில் உள்ளங்கை அளவுக்குப் பெயர்ந்து குழியாகக் கிடக்கிறது. அம்மா மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அண்ணன் போனில் மறுபடியும் டைல்ஸ் என்கிறான். "அம்மா வர்றதுக்குள்ள முடிச்சிருவாங்க." நான் பதில் சொல்லவில்லை.

ஜூன் 10

கொத்தனார் அண்ணாச்சி வந்தார். முட்டி வலியால் குத்தவைத்து உட்கார முடியாது, அதனால் சாய்வு நாற்காலியில் இருந்துகொண்டு கம்பை நீட்டி நீட்டிக் காட்டினார். 1969-ல் இந்தத் தரை போட்டபோது அவர் சித்தாள், பதினாறு வயது.

"ஒரு ரூமை ஒரே மூச்சுல முடிக்கணும் பாப்பா. நடுவுல நிறுத்தினா கோடு விழுந்துரும். பட்டாசலுக்குக் காலைல உக்காந்தவங்க, பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்துலதான் எந்திரிச்சோம்."

மூன்று பங்கு சிமெண்டுக்கு ஒரு பங்கு சிவப்புக் காவிப் பொடி. வேட்டித் துணியில் சலித்தார்களாம். கீழே போட்ட சாந்து இறுகி முடிவதற்குள் மேலே இதைப் பரப்பி, கரணையால் அழுத்தி அழுத்தி இழைக்க வேண்டும். அப்புறம் பாத்தி கட்டி ஏழு நாள் தண்ணீர். அந்த ஏழு நாளும் ஆச்சி வெளித் தாழ்வாரமான தார்சாவிலேயே அடுப்பு மூட்டிச் சமைத்தாளாம்.

விரிசல் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிப் பார்க்கச் சொன்னார். நல்ல இடத்தில் கெட்டிச் சத்தம். ஜன்னல் பக்கம் இரண்டு சாணுக்குப் பொக்குச் சத்தம். அந்த இடத்தை வெட்டி எடுத்தே ஆக வேண்டும் என்றார். சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

ஜூன் 11

சாரல். காய்ந்தது எதுவுமில்லை.

ஜூன் 12

உடைந்த ஓட்டுச் சில்லு ஆறில் ஆறு கலவை பூசி வைத்திருக்கிறேன். ஈரத்தில் மூன்றாவது அச்சு அசலாகத் தரையின் நிறம். சந்தோஷமாகத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் வெளிறிக் கிடந்தது. ஈரத்தை நம்பவே கூடாது. ஆறையும் இன்னும் இரண்டு நாள் விட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். சிமெண்டின் சாம்பல் நிறமே கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது, காவியின் மேல் மட்டும் பழி போட்டுப் பயனில்லை.

தரையுமே ஒரே நிறமாக இல்லை. தூண் பக்கம் கருஞ்சிவப்பு, புளியங்கொட்டைத் தோல் மாதிரி. அம்மாவும் ஆச்சியும் அப்பளம் தேய்த்த இடம் அது. எண்ணெய் கையும் உளுந்து மாவும் முப்பது வருஷம் பட்ட இடம். எந்தக் கலவையிலும் அந்த நிறம் வராது.

ஜூன் 13

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரி. அம்மா வாக்கரைப் பிடித்து நான்கு எட்டு வைத்தாள். சர்க்கரை இறங்கவில்லை, அதனால் புண் ஆறுவது மெதுவாம்.

"தரை தொடச்சியா?" என்று கேட்டாள்.

ஜன்னலைச் சாத்துகிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

ஜூன் 15

பொக்கு இடத்தை உளியால் எடுத்தேன். தகடு மாதிரி கழன்று வந்தது. ஒரு துண்டைப் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தேன். சிவப்பு மூன்று மில்லிமீட்டர்கூட இருக்காது, அதற்குக் கீழே வெறும் சாம்பல் சாந்து. ஐம்பத்தைந்து வருஷம் எல்லோரும் நடந்தது இந்தத் தோலின் மேல்தான்.

அப்புறம் ஜன்னலடியில் மங்கிப்போன பகுதியைத் தேய்க்க உட்கார்ந்தேன். தண்ணீர் விட்டு 120 நம்பர் சொரசொரப்புக் கல், பிறகு 220, பிறகு 320. அதற்கு மேல் வாட்டர் பேப்பர். ஒவ்வொரு நம்பரும் முந்தைய நம்பர் போட்ட கீறலை முழுக்க எடுத்த பிறகுதான் அடுத்ததைத் தொட வேண்டும். அவசரப்பட்டு ஒன்றைத் தாண்டினால், கடைசியில் பளபளப்பு வரும்போது அதற்கு அடியிலிருந்து பழைய கீறல் எட்டிப் பார்க்கும். தேய்த்த பால் ரத்தச் சிவப்பாகக் கையில் வழிகிறது. அதைத் துடைத்துத் துடைத்துப் பார்க்க வேண்டும். துடைக்காமல் தேய்த்தால் எங்கே நிற்கிறோம் என்றே தெரியாது.

நான் துடைக்கவில்லை. வேறு எதையோ நினைத்துக்கொண்டு ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தேன். கழுவியபோது நாணய அளவுக்குச் சாம்பல் தெரிந்தது.

ஜூன் 16

சாம்பல் வட்டத்தின் மேல் பாயை விரித்து வைத்திருக்கிறேன்.

ஜூன் 17

ஐந்தாவது கலவைதான். அண்ணாச்சியும் அதையே சொன்னார். விரிசலை உள்ளே அகலமாக, வாய் குறுகலாக வெட்டினேன், அடைத்தது பிடித்து நிற்க. தூசியை பிரஷ்ஷால் எடுத்து, ஈரத் துணியால் துடைத்து, சிமெண்ட் பால் தடவி அடைத்தேன். வெட்டி எடுத்த இடத்துக்கும் அடுப்படிக் குழிக்கும் கீழே சாந்து, மேலே காவி. கரணையை அவரே வாங்கி, நாற்காலியிலிருந்து குனிந்து, நான்கு இழுப்பு இழுத்தார். எனக்கு ஒரு மணி நேரமாக வராத வழவழப்பு அந்த நான்கு இழுப்பில் வந்தது.

ஈரச் சாக்கு போட்டாயிற்று. 24 வரை காயவிடக் கூடாது.

ஜூன் 18

தூக்கமில்லை. எழுதிவிடுகிறேன்.

ஜூன் 4 சாயங்காலம் தரைக்கு எண்ணெய் போட்டது நான். அம்மா போடச் சொல்லவில்லை. கோடை விடுமுறைக்குப் பிள்ளைகள் வந்து போன பிறகு தரை செத்துக் கிடந்தது. அவள் எப்படிச் செய்வாள் என்று சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். பழைய காடாத் துணியில் நாலு சொட்டு, அதைக் கசக்கித் துணி முழுக்கப் பரத்தி, பட்டும் படாமல் ஓர் இழுப்பு. பிறகு காய்ந்த துணியால் அரை மணி நேரம் தேய்ப்பாள். நான் கிண்ணத்தில் கால்வாசி ஊற்றிக்கொண்டேன். காய்ந்த துணியால் தேய்க்கும்போது போன் வந்தது. பேசிவிட்டுத் திரும்பி வந்து, பளபளவென்று இருக்கிறதே, போதும் என்று விட்டுவிட்டேன்.

தேங்காய் எண்ணெய் காய்கிற எண்ணெய் இல்லை. ஆளிவிதை எண்ணெய் காற்றுப் பட்டு இறுகும், இது இறுகாது. தரை குடித்தது போக மீதி மேலேயே கிடக்கும். அதன் மேல் தண்ணீர் பட்டால் சொல்லவே வேண்டாம். அம்மா காலை நாலரைக்கு ஈரக் காலோடு புறவாசலிலிருந்து வந்தாள்.

அண்ணன் "வயசாச்சு, விழுந்துட்டா" என்கிறான். டாக்டரும் எலும்பு தேய்மானம் என்கிறார். ஒருவரும் என்னைக் கேட்கவில்லை.

ஜூன் 19

மூன்று மணி வரை அடுப்படி மேடையைத் தேய்த்தேன். கடப்பாக் கல். புளித்தண்ணீர் பட்ட இடமெல்லாம் திட்டுத் திட்டாகச் செத்திருக்கிறது. அது சுண்ணாம்புக் கல், புளிப்பு அதை அரித்துவிடும். கிரானைட்டை இது ஒன்றும் செய்திருக்காது. 400, 600, 800. அடுப்புப் பக்கம் ஒரு முழம் கறுப்பு திரும்பி வந்தது.

ஜூன் 20

படுக்கையிலிருந்து குளியலறை வரை பதினான்கு எட்டு. என் எட்டில். அவள் எட்டில் இருபத்தைந்து இருக்கும். அந்த வழியை மட்டும் பாலிஷ் இல்லாமல் 120 கல்லோடு நிறுத்திவிடலாம் என்று தோன்றுகிறது. வாக்கரின் ரப்பர் பிடிக்கும், காலும் பிடிக்கும்.

அம்மி கொத்துகிறவர் தெருவில் வந்த நாட்கள் ஞாபகம் வந்தது. தேய்ந்து வழவழத்த அம்மியைப் புள்ளி புள்ளியாகக் கொத்திக் கொடுப்பார். கொத்திய அன்று தவிட்டை அரைத்துக் கழுவி ஊற்றிய பிறகுதான் அம்மா மிளகாய் வைப்பாள். கல்லைச் சொரசொரப்பாக்குவதும் கல்லைச் சரிசெய்கிற வேலைதானே.

அண்ணாச்சியிடம் சொன்னேன். வெகுநேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்க அம்மைக்குத் தெரியுமா?" என்றார்.

ஜூன் 21

எண்ணெய் முழுக்கப் போக வேண்டும். சீயக்காயும் வெந்நீரும். மூன்று தடவை. துணி இன்னும் வழுக்குகிறது, அல்லது என் கைதான் வழுக்குகிறதா என்று தெரியவில்லை.

ஜூன் 22

நான்காம் தடவை.

ஜூன் 23

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். எண்ணெயையும், வழியையும்.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "எந்தத் துணியில போட்ட?" என்றாள். பழைய துண்டு என்றேன். "துண்டு எண்ணெயைக் குடிக்காது. காடாத் துணி கொடிக்குக் கீழே டப்பால இருக்கு, உனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்" என்று அதட்டினாள். அடிபட்ட பிறகு அவள் அதட்டியது இதுதான் முதல் தடவை. பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண் திரும்பிப் பார்த்தார்.

வழியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கிளம்பும்போது கூப்பிட்டு, "தூண் பக்கம் தொடாத" என்றாள்.

ஜூன் 24

சாக்கை எடுத்தேன். ஒட்டு தனியாகத்தான் தெரிகிறது. ஈரம் இருக்கிறது, இன்னும் வெளுக்கும்.

ஜூன் 25

வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறார்களாம். வழியை 120-ல் முடித்துவிட்டேன், படுக்கையிலிருந்து குளியலறை வரை. வெறுங்காலால் ஈரமாக நடந்து பார்த்தேன். பிடிக்கிறது. திரும்ப நடந்தேன். பிடிக்கிறது. பார்க்க மாட்டுக்கு நாமம் போட்ட மாதிரி ஒரு மங்கல் கோடு பட்டாசல் நடுவில் ஓடுகிறது. சாம்பல் வட்டம் அதில் சேரவில்லை, ஓரடி தள்ளி இருக்கிறது.

ஜூன் 26

ஓரங்களை 320 வரை கொண்டு போக வேண்டும், இல்லாவிட்டால் வழிக்கும் தரைக்கும் நடுவில் விளிம்பு தெரியும். பாதியில் கல் தீர்ந்துவிட்டது. காலையில் முதல் பஸ்ஸில் அம்பாசமுத்திரம் போனால் கடை திறக்கும்போது வாங்கிவிடலாம்.