மாமனார், 24 சங்கிலி, ஒரு பித்தளை வட்டு

“முப்பத்தொரு வருஷம் கல்லைத் தேடினதுக்கு எனக்கு கவர்மெண்ட்ல சம்பளம் கொடுத்தாங்க. உங்களுக்கு யார் கொடுக்கறாங்க, மாப்பிள்ளை?”

காரில் ஏறும்போதே மாமனார் இப்படித்தான் ஆரம்பித்தார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பெட்ரோல் என் செலவு. புளிசாதம் அவர் மகள் கட்டிக் கொடுத்தது. தேடப் போவதோ, எண்பது வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு கல் சுவரில் பதித்துவிட்டுப் போன உள்ளங்கை அகல உலோக வட்டு. கிடைத்தாலும் எடுத்து வரக் கூடாது. பார்த்து, படம் எடுத்து, எழுதி அனுப்பிவிட்டு வீட்டுக்கு வர வேண்டியதுதான்.

அவர் தஞ்சாவூர்ப் பக்கம் நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று மாதம் எங்களோடு வர்ஜீனியாவில் இருக்க வந்திருந்தார். பேரப்பிள்ளை பள்ளிக்கூடம் போய்விட்டால் பொழுது போகாது. மார்ச் கடைசி, குளிர் இன்னும் விடவில்லை. மங்கி குல்லாயும் என் பழைய ஜாக்கெட்டும் போட்டுக்கொண்டு அரைமனதாகத்தான் கிளம்பினார். அந்த வட்டுக்குப் பெஞ்ச் மார்க் என்று பெயர், சர்வேக்காரர்கள் உயரத்துக்கு அடையாளமாகப் பதித்த குறி. அதைத் தேடுகிறவர்களுக்கு இதுதான் சரியான பருவம். ஏப்ரல் தாண்டினால் புதர் தழைத்துவிடும், உண்ணியும் வந்துவிடும். அப்புறம் வட்டு காலடியில் இருந்தாலும் தெரியாது.

ஜியோகேச்சிங் பலருக்குத் தெரிந்திருக்கும்: யாரோ ஒளித்துவைத்த டப்பாவை ஜிபிஎஸ் எண்களை வைத்துத் தேடிப் பிடிக்கிற விளையாட்டு. ஜிபிஎஸ் சிக்னலில் அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே கலந்துவைத்திருந்த பிழையை 2000 மே மாதத் தொடக்கத்தில் நிறுத்தினார்கள். மே 3-ஆம் தேதியே ஆரெகன் மாநிலத்தில் ஒருவர் ஒரு வாளியில் சில சாமான்களைப் போட்டு ஒளித்துவைத்து, அந்த இடத்தின் எண்களை இணையத்தில் போட்டார். அங்கே ஆரம்பித்தது இந்த விளையாட்டு. அதற்குள்ளேயே ஒரு கிளைப் பைத்தியம்தான் பெஞ்ச் மார்க் தேடுவது. டப்பாவை ஒளித்துவைத்தவர் நம்மை மாதிரி ஒரு பொழுதுபோக்குக்காரர். பெஞ்ச் மார்க்கைப் பதித்தவர் அரசாங்கச் சம்பளத்தில் வெயிலில் நின்றவர், நாம் தேடி வருவோம் என்று நினைத்தே இருக்கமாட்டார். எனக்கு அந்த வித்தியாசம்தான் பிடித்தது. டப்பா தேடுவதை விட்டே நாலு வருஷம் ஆகிறது.

2023 தொடக்கத்தில் ஜியோகேச்சிங் தளம் பெஞ்ச் மார்க் பகுதியை மூடிவிட்டது. அதனால் நஷ்டம் பெரிதாக ஒன்றுமில்லை. என்.ஜி.எஸ். என்கிற தேசிய புவி அளவைத் துறை ஒவ்வொரு குறிக்கும் ஒரு தகவல் தாள் வைத்திருக்கிறது, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். 1807-இல் ஜெஃபர்சன் ஜனாதிபதியாக இருந்தபோது கடற்கரையை அளக்க ஆரம்பித்த துறையின் வாரிசு அது. தாளில் எண்கள் இருக்கும், உயரம் இருக்கும். கீழே, அந்தக் குறிக்கு எப்படிப் போய்ச் சேர்வது என்று ஒருவர் எழுதிய வழி இருக்கும்.

நாங்கள் போனது டபிள்யூ அண்ட் ஓ.டி. பாதை. ஒரு காலத்தில் ரயில் ஓடிய தடம். 1968-இல் ரயிலை நிறுத்திவிட்டு, பிறகு 72 கிலோமீட்டருக்கு நடைபாதையாகவும் சைக்கிள் பாதையாகவும் ஆக்கிவிட்டார்கள். மட்டம் எடுக்கிறவர்களுக்கு ரயில்பாதை என்றால் அல்வா மாதிரி. ஏற்றம் இறக்கம் அதிகம் கிடையாது, அளவுகோலை வைத்து வைத்துப் போய்க்கொண்டே இருக்கலாம். அதனால்தான் இந்த நாட்டில் பழைய பெஞ்ச் மார்க்குகள் ரயில்பாதையோரம் வரிசையாக இருக்கின்றன. ரயில் இன்னும் ஓடுகிற தடத்தில் இறங்கித் தேடினால் அத்துமீறல் வழக்கு வரும். கைவிடப்பட்ட பாதையில் அந்தப் பயம் இல்லை.

லீஸ்பர்க்கைத் தாண்டி மேற்கே வண்டியை நிறுத்தினோம். போனில் எண்களைப் போட்டு நான் முன்னால் நடந்தேன். போன் ஒரு வீட்டின் பின்பக்க வேலிக்கு அழைத்துக்கொண்டு போய் நிறுத்தியது. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு நாய்.

“இதுதானா?” என்றார் மாமனார், நாயைப் பார்த்து.

தப்பு போனுடையது இல்லை. தகவல் தாளிலேயே எழுதியிருக்கிறது: இந்தக் குறியின் எண்கள் வரைபடத்தின் மேல் அளவுகோல் வைத்து எடுத்தவை, கூடக்குறைய 6 விநாடி பிழை இருக்கலாம். கோணக் கணக்கில் 6 விநாடி என்றால் தரையில் சுமார் 185 மீட்டர். பெஞ்ச் மார்க் என்பது உயரத்துக்கான குறி. உயரத்தை மில்லிமீட்டர் சுத்தமாக எடுத்தவர்கள், அது எந்த இடத்தில் இருக்கிறது என்பதைக் குத்துமதிப்பாகத்தான் விட்டார்கள். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் போனை நம்பித்தான் இறங்குகிறேன்.

மாமனார் தாளை வாங்கினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தாளை மூக்குக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். சாலை ரயில்பாதையைக் கடக்கும் இடத்திலிருந்து மேற்கே 0.3 மைல். கல்லால் கட்டிய கல்வெர்ட். அதன் வடக்குச் சுவரில், கிழக்கு முனையில், மேல்பக்கம்.

“சாலை இப்பவும் அதே இடத்துலதான் கடக்குதா?”

“ஆமா மாமா.”

“அப்ப போனை உள்ள வைங்க. 0.3 மைல்னா 24 சங்கிலி. 1,584 அடி. என் நடை நூறு எட்டுக்கு 240 அடி. 660 எட்டு வருது.”

மனக்கணக்குத்தான், போகிற போக்கில் சொன்னார். ஒரு மைலுக்கு 80 சங்கிலி, ஒரு சங்கிலி 66 அடி, அதில் 100 லிங்க். லிங்க்கிலேயே வயலை அளந்து, புலப்படம் வரைந்து, காணாமல் போன எல்லைக்கல்லை இரண்டு தெரிந்த கல்லிலிருந்து அளந்து கண்டுபிடித்தவர். சாலைக்குத் திரும்பிப் போய் எண்ண ஆரம்பித்தார். குறுக்கே பேசக் கூடாதாம். சைக்கிள்காரர்கள் மணியடித்துக்கொண்டு போனார்கள், அவர் ஒதுங்கவே இல்லை. நான்தான் ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பின்னால் வந்தேன்.

660-இல் நின்றார். ஒன்றும் இல்லை. தார்ப்பாதை, இரண்டு பக்கமும் காய்ந்த முட்புதர். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம் என்றுகூடச் சொல்லலாம். அவரோ பாதையைப் பார்க்கவே இல்லை, பள்ளத்தைப் பார்த்தார்.

“தண்ணி எங்க போகுதுன்னு பாருங்க மாப்பிள்ளை. கல்வெர்ட் கட்டினவன் தண்ணிக்குத்தானே கட்டியிருப்பான்.”

இருபதடி தள்ளி, வாய்க்கால் என்று சொல்லவும் முடியாத ஒரு ஈரக்கோடு சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்து மேலே வந்தால் புதருக்குள் செதுக்கிய கல்வரிசை. கிழக்கு முனையில் பாசியும் மட்கிய இலையும் மண்ணும் நாலு விரற்கடை கனத்துக்கு மூடியிருந்தன. கையால் விலக்கினேன். விரல்நுனியில் கல்லின் சொரசொரப்பு போய், சில்லென்று வழவழப்பாக ஏதோ பட்டது.

பழுப்பும் பச்சையுமாகக் களிம்பேறிய ஒரு வட்டு. எழுத்து இருப்பது தெரிகிறது, படிக்க முடியவில்லை. இதற்காகவே பையில் ஒரு சின்ன டப்பா வைத்திருப்பேன். அரிசி மாவைத் தூவி, பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்தால் பள்ளத்தில் மட்டும் மாவு தங்கும். “கோலமா போடறீங்க?” என்று சிரித்தார். எழுத்து ஒவ்வொன்றாக வெள்ளையாக எழும்பி வந்தது. யு.எஸ். கோஸ்ட் அண்ட் ஜியோடெடிக் சர்வே. பெஞ்ச் மார்க். விவரத்துக்கு வாஷிங்டன் டைரக்டருக்கு எழுதவும். இந்தக் குறியைக் கலைத்தால் 250 டாலர் அபராதம் அல்லது சிறை. நடுவில் குறியின் பெயராக ஓர் எழுத்தும் எண்ணும், கீழே பதித்த வருஷம்.

மாமனார் குனிந்து உயரம் எழுதும் இடத்தைத் தேடினார். கடல்மட்டத்துக்கு மேல் இத்தனை அடி என்று அச்சு இருந்தது, எண் இருக்கவேண்டிய இடம் காலி.

“கணக்கை எழுதாமலே விட்டுட்டானே!”

எழுதாமல் விட்டது நல்லதாகப் போயிற்று. வட்டைப் பதிக்கிற அன்றைக்கு உயரம் தெரியாது. மொத்தக் கணக்கையும் போட்டுச் சரிசெய்த பிறகுதான் தெரியும். அதுவும் மாறிக்கொண்டே இருக்கும். 1929-இல் போட்ட உயரக் கணக்கில் அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 26 துறைமுகங்களின் கடல்மட்டத்தைப் பூஜ்யமாக வைத்தார்கள். ஆனால் கடலே எல்லா இடத்திலும் ஒரே மட்டத்தில் இல்லை. 1988 கணக்கில் கியூபெக்கில் ரிமூஸ்கி என்ற ஒரே இடத்தை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். வட்டு அசையவில்லை, எண் மட்டும் அசைந்தது. செயற்கைக்கோள் நேரடியாகச் சொல்லும் உயரம் இன்னொரு கதை. பூமியை வழவழப்பான ஒரு நீள்கோளமாக வைத்து அது கணக்குப் போடுகிறது. அதனால் இந்தப் பக்கத்தில் கடல்மட்ட உயரத்தைவிட 30 மீட்டர் போலக் குறைத்துக் காட்டும். சென்னைப் பக்கம் அந்த வித்தியாசம் 80 மீட்டருக்கும் மேல். மெரினாவில் நின்றாலும் நாம் கடலுக்கடியில் இருப்பதாகத்தான் அந்தக் கணக்கு சொல்லும்.

புளிசாதத்தைச் சுவர்மேல் வைத்துச் சாப்பிட்டோம். மாமனாருக்கு மூச்சு வந்துவிட்டது, பேச ஆரம்பித்தார். ஊரில் பழைய பாலங்களிலும் கோயில் படிகளிலும் ஜி.டி.எஸ்., பி.எம். என்று, அதாவது பிரிட்டிஷ் காலத்துப் பெரிய முக்கோண அளவையின் பெஞ்ச் மார்க் என்று, வெட்டியிருக்கும் கற்களைப் பற்றி. அந்த அளவையை ஆரம்பித்த லாம்ப்டன் 1802 ஏப்ரலில் பரங்கிமலைப் பக்கம் சங்கிலி பிடித்து, மற்ற அளவுக்கெல்லாம் ஆதாரமாக ஏழரை மைல் கோடு போட்டதைப் பற்றி. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் கோணம் அளக்கும் தியோடலைட்டை ஏற்றும்போது கயிறு அறுந்து, அரை டன் கருவி மோதிச் சேதமானதை நேரில் பார்த்தவர் மாதிரி சொன்னார். “எங்க ஊர்க் கோயில்ல கை வெச்சா சும்மா விடுமா?” என்றும் சேர்த்துக்கொண்டார். ஒன்று மட்டும் அவருக்குத் தெரியாது, நான் சொன்னேன்: பெஞ்ச் என்ற பெயரே, கல்லில் வெட்டிய கிடைக்கோட்டுக்குள் ஒரு இரும்புக் கோணத்தைச் செருகி அளவுகோலுக்குப் பலகை மாதிரி வைப்பதிலிருந்து வந்தது. இத்தனை வருஷம் அதைச் சொல்லிக்கொண்டே இருந்தும் யோசிக்கவில்லையே என்று இரண்டு தடவை சொன்னார்.

அடுத்தது கிடைக்கவில்லை. தாளில் வழி தெளிவாகத்தான் இருந்தது. ரயில் நிலையத்திலிருந்து மேற்கே பதினேழாவது தந்திக் கம்பம், அதற்கு மூன்றடி வடக்கே, பெரிய ஓக் மரத்துக்கு எதிரில், தரைமட்டத்துக்குக் கான்கிரீட் தூண். இப்போது நிலையம் இல்லை, கம்பங்கள் இல்லை, ஓக் இல்லை. ஒரு வாகன நிறுத்துமிடம் இருந்தது.

“மரத்தைப் போய் அடையாளமா எழுதுவானா ஒருத்தன்?” என்று திட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, “நானும் எழுதியிருக்கேன். பனைமரம்” என்றார். அப்படியும் விடவில்லை. முழங்கால் வலியோடு ஒரு மணி நேரம் கம்பியால் தரையைக் குத்திக் குத்திப் பார்த்தார். கடையிலிருந்து வெளியே வந்த ஒரு பெண்மணி, ஏதாவது தொலைந்துவிட்டதா என்று கேட்டார். ஆமாம் என்றேன், எவ்வளவு காலமாக என்று சொல்லவில்லை.

மறுநாள் குடும்பத்தோடு வாஷிங்டன். எல்லோரும் நினைவுத்தூணை அண்ணாந்து பார்த்தபோது நாங்கள் இருவரும் அதன் தெற்கே புல்வெளியில் ஒரு சாக்கடை மூடியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அதற்குக் கீழே அதே தூணின் பன்னிரண்டடி உயரக் குட்டி வடிவம் புதைந்திருக்கிறது, அதுவும் ஒரு பெஞ்ச் மார்க். பூங்கா ஊழியர் திறந்தால்தான் பார்க்கலாம், நாங்கள் பார்த்தது மூடியைத்தான். மாமனார் அதையும் போட்டோ எடுக்கச் சொன்னார். பின்னால் தூண் வரவேண்டாமாம்.

அன்று இரவு லேப்டாப்பைத் திறந்து என்.ஜி.எஸ். படிவத்தை நிரப்ப உட்கார்ந்தேன். ஒரு குறியைப் பார்த்துவந்தால் யார் வேண்டுமானாலும் அறிக்கை கொடுக்கலாம், தாளில் அது நிரந்தரமாக ஏறிவிடும். ஜியோகேச்சிங்காரர்களுக்கென்றே ஜி.இ.ஓ.சி.ஏ.சி. என்று ஒரு குறியீடும் உண்டு. முதல் வட்டுக்கு ‘நல்ல நிலை’ என்று போட்டேன். இரண்டாவதற்கு ‘அழிந்தது’ என்று போடக் கை போனது.

“கல்லு உடைஞ்சு கெடந்ததைப் பார்த்தீங்களா?”

“இல்ல மாமா. ஆனா தாரு போட்டுட்டாங்களே.”

“தாருக்கு அடியில இருக்கும். பாக்காததை அழிஞ்சதுன்னு எழுதினா நாளைக்கு வர்றவன் தேடவே மாட்டான். கிடைக்கலைன்னு போடுங்க.”

துறையின் விதியும் அதேதான்: அழிந்தது என்று சொல்ல வட்டே கையில் இருக்க வேண்டும், அல்லது அதற்கு ஆதாரம் வேண்டும். கிடைக்கவில்லை என்று மாற்றினேன். புதிய உயரக் கணக்கு செயற்கைக்கோளையும் ஈர்ப்பு அளவையையும் வைத்து எழுவது. இந்த வட்டுகளுக்கு ஓய்வு வயது வந்துவிட்டது என்று அவரிடம் சொன்னேன். பதில் சொல்லவில்லை, திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசிக் கட்டம், பார்த்தவரின் பெயரின் முதலெழுத்துகள். எப்போதும் என்னுடையதைப் போடுவேன். அன்று அவருடைய மூன்று எழுத்துகளை அடித்துக் காட்டினேன். கண்ணாடியை இறக்கிச் சரிபார்த்தார்.

“பக்கத்துல ரிட்டயர்டுன்னு போடணுமா?”

“அதுக்குக் கட்டம் இல்ல மாமா.”

“சரி, அப்ப அனுப்புங்க.”