கிணற்றை வற்ற இறைக்காதீர்கள்

2004 சுனாமிக்குப் பிறகு மட்டக்களப்புக் கரையோரத்தில் பலர் கடல்நீர் புகுந்த கிணறுகளை மோட்டர் வைத்துத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். நோக்கம் நல்லது, வேலை பிழை. மணல் நிலத்தில் நன்னீர், உவர்நீரின் மேல் மெல்லிய படையாகத்தான் மிதக்கிறது. மேலே நன்னீர் மட்டம் ஓரடி இறங்கினால் கீழிருந்து உவர்நீர் 40 அடிவரை ஏறலாம் என்பது கணக்கு. இறைக்க இறைக்கக் கரிப்பது அதனால்தான். கிணற்றுக் கட்டும் இடியும்.

சேற்றை வாளியால் அள்ளுங்கள். ஒரே தடவை, மெதுவாக இறையுங்கள். இறைத்த தண்ணீரைத் தூரத்தில் விடுங்கள்; கிணற்றடியில் விட்டால் திரும்ப உள்ளேதான் வரும். பிறகு கிணற்றிலுள்ள ஒவ்வோர் ஆயிரம் லீற்றர் தண்ணீருக்கும் 60 கிராம் பிளீச்சிங் பவுடர் (33% குளோரீன்) வாளியில் கரைத்து, தெளிவைக் கிணற்றில் ஊற்றி, ஓரிரவு விடுங்கள். குளோரீன் மணம் நன்றாகக் குறையும்வரை பாவிக்க வேண்டாம். அது கிருமியைத்தான் கொல்லும், உப்பை எடுக்காது. உப்புக்கு மாரிமழைதான் மருந்து. அதுவரை குடிக்கப் பவுசர் (தண்ணீர் வண்டி) தண்ணீர்.