அக்கவுண்ட்ட மூடினேன், லிங்க்க மறந்துட்டேன்

எல்லாரும் வீட்ல இருந்து வேலை பாக்க ஆரம்பிச்சப்ப ஃபைல் ஷேரிங் பத்தி எங்க டீம்ல யாரும் உக்காந்து யோசிக்கல, அவங்கவங்க டிரைவ்ல போட்டு "லிங்க் இருக்கிற யாரும் பாக்கலாம்"னு வெச்சு சாட்ல தட்டி விட்டோம், வேலை ஓடுச்சு. வேலையை விட்டுப் போய் ஆறு மாசம் ஆன ஒருத்தர் திடீர்னு போன் பண்ணார். "பழைய மெயில்ல ஒரு லிங்க் கிடந்துச்சு, தொட்டா இந்த மாச சம்பள ஷீட் திறக்குதுங்க, என்னன்னு பாருங்க." வயித்த கலக்கிடுச்சு. அவர் அக்கவுண்ட்ட மூடினதே நான்தான், ஆனா அந்த லிங்க்குக்கு அக்கவுண்ட்டே தேவையில்லையே! அவர் நல்ல மனுஷன், கூப்பிட்டுச் சொன்னார்.

அப்புறம் ஃபைல் வெக்க புது இடம் தேடுற பொறுப்ப நானே கேட்டு வாங்கிக்கிட்டேன். எந்த சேவையோட பக்கத்த திறந்தாலும் ஏஇஎஸ் 256 என்கிரிப்ஷன்னுதான் போட்டிருக்கு, அதாவது சாவி இல்லாம ஃபைல படிக்க முடியாதபடி பூட்டுற முறை, பூட்டு நல்ல பூட்டுதான், சாவி யார்கிட்டன்றதுதான் கேள்வி. வழக்கமான கிளவுட்ல சாவி அவங்க கையில, பிரவுசர்லயே ஃபைல திறந்து காட்ட முடியுறது அதனாலதான். எண்ட் டு எண்ட்னா நம்ம மெஷின விட்டுக் கிளம்புறதுக்கு முன்னாடியே பூட்டிடும், சர்வர்காரங்களால படிக்க முடியாது. எல்லாத்தையும் அப்படிப் பூட்டலாம்னு முதல்ல ஆசைப்பட்டேன், ஆனா பிரவுசர்ல தேட முடியல, ரெண்டு பேர் ஒரே ஷீட்ல சேர்ந்து எழுத முடியல, நாலே நாள்ல பசங்க பழையபடி மெயில்ல அனுப்ப ஆரம்பிச்சுட்டாங்க. கஷ்டமா இருந்தா யாரும் பயன்படுத்த மாட்டாங்க, இத நான் முன்னாடியே யோசிச்சிருக்கணும்.

அதனால பிரிச்சோம். அன்றாட ஃபைல் சாதாரண கிளவுட்ல, லிங்க் இல்லாம ஆள் பேர் போட்டு மட்டும் ஷேர், வெளியாளுக்குன்னா 7 நாள்ல காலாவதி. சம்பளம், ஒப்பந்தம் எல்லாம் கிரிப்டோமேட்டர் வால்ட்ல, அதாவது கிளவுட்டுக்குப் போறதுக்கு முன்னாடியே நம்ம மெஷின்ல ஃபைல பூட்டிடுற ஆப்போட பெட்டகத்துல, அத திறக்க மூணே பேர். பாஸ்வேர்டுக்கு அப்புறம் ரெண்டாவது சரிபார்ப்பு எல்லாருக்கும் கட்டாயம், முணுமுணுத்தவங்ககிட்ட டிராப்பாக்ஸ்ங்கிற கிளவுட் சேவையோட கதையச் சொன்னேன், 2012ல திருடு போன 6.8 கோடிக்கும் மேல அக்கவுண்ட் விவரம், அதோட முழு அளவு 2016லதான் வெளிய தெரிஞ்சுது. ஒரு கிளையண்ட் மட்டும் ஃபைல் அனுப்புற பழைய முறையான எஃப்டிபிதான் வேணும்னு நின்னாங்க, அதுல பாஸ்வேர்டே வெறும் எழுத்தா போகும், பேசிப் பேசி எல்லாத்தையும் பூட்டி அனுப்புற எஸ்எஃப்டிபிக்கு மாத்த ரெண்டு வாரம் ஆச்சு.

இன்னொண்ணு, எல்லா மெஷின்லயும் ஃபைல் தானா ஒரே மாதிரி சிங்க் ஆகுறது பேக்கப் இல்ல. ஒருத்தர் லேப்டாப்ல ஃபோல்டர அழிச்சா எல்லார்கிட்டயும் அழியும், அதனால வாரம் ஒருக்கா தனி ஹார்ட் டிஸ்க்ல ஒரு காப்பி எடுத்து, கழட்டி வெச்சிடுறோம்.

வால்ட் பாஸ்வேர்ட் தொலைஞ்சா அந்த ஃபைல யாராலயும் மீட்க முடியாது, மாத்துச் சாவி மாதிரி இருக்குற ரெக்கவரி கீ ஒண்ணுதான் வழி. அந்த நீள வார்த்தை வரிசைய பேப்பர்ல கையால எழுதி, ஒவ்வொரு வார்த்தையா ரெண்டு பேர் சத்தமா படிச்சு சரிபார்த்து, கவர்ல ஒட்டி மேனேஜர் லாக்கர்ல வெச்சோம். மாசம் பொறந்தா முதல் வேலையா ஷேர் லிஸ்ட்ட திறந்து மேல இருந்து கீழ வரைக்கும் ஒவ்வொரு பேரா பாக்குறேன்.