வாரநாளில் ஸ்டுங் மியன்சே, வார இறுதியில் கம்போட்

கம்போடியாவில் குழந்தைகளோடு தன்னார்வலராக வேலை செய்யப் போகிறேன் என்றதுமே வீட்டில் எல்லாரும் அநாதை இல்லம் என்றுதான் நினைத்துக்கொண்டார்கள். நான் தேடித்தேடித் தவிர்த்தது அதைத்தான். அங்கே இல்லங்களில் இருக்கும் குழந்தைகளில் நான்கில் மூன்று பங்குப் பேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள் என்று 2011-ல் யூனிசெஃப் துணையோடு நடந்த ஆய்வு சொன்னது. சுற்றுலாப் பயணிகள் பெருகப் பெருக இல்லங்களும் பெருகின. நன்கொடை கொடுக்க ஆள் வந்தால், காட்டுவதற்குக் குழந்தை வேண்டுமே! குழந்தைகள் காட்சிப்பொருள் அல்ல என்று அதே வருடம் ஒரு பிரசாரமே ஆரம்பித்தார்கள்.

நான் சேர்ந்தது நோம் பென் நகரின் ஸ்டுங் மியன்சே பகுதியில் இருந்த ஒரு பகல்நேர மையம். ஊரின் பெரிய குப்பைமேடு ஒருகாலத்தில் அங்கேதான் இருந்தது, 2009-ல் மூடிவிட்டார்கள். குப்பை வேறிடம் போனாலும் அதைப் பொறுக்கிப் பிழைத்தவர்களில் பலர் அந்தச் சந்துகளிலேயே தங்கிவிட்டார்கள். கம்போடிய அரசுப் பள்ளிகள் பெரும்பாலும் காலையில் ஒரு கூட்டம், மதியம் இன்னொரு கூட்டம் என்று இரண்டு ஷிஃப்டாக நடக்கின்றன. மிச்ச அரை நாளில் பிள்ளை கோணியும் கையுமாகத் தெருவில் இறங்கிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் மையத்தின் வேலை. சோறு போடுவார்கள், பாடம் சொல்லித் தருவார்கள், குளிக்கத் தண்ணீர் இருக்கும். சாயங்காலம் பிள்ளைகள் அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

விதிமுறைகள் கறாரானவை. ஊரிலிருந்தே போலீஸ் நன்னடத்தைச் சான்றிதழ் வாங்கி வரச் சொன்னார்கள். பிள்ளைகளைப் படம் எடுக்கக் கூடாது, தனியாக ஒரு பிள்ளைக்கு மட்டும் மிட்டாய்கூடத் தரக் கூடாது, மடியில் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது. தலையைத் தடவிக் கொடுப்பது நமக்குச் செல்லம், அவர்களுக்கு அது மரியாதைக் குறைவு. என்னோடு வந்த சிலருக்கு இதெல்லாம் மனத்தாங்கலாக இருந்தது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மாதத்துக்கு ஒரு புது அக்கா வந்து கொஞ்சி, அழுது, விமானம் ஏறிப் போனால் அந்தப் பிள்ளை எத்தனை பேரைத்தான் வழியனுப்பும்?

அதனால் வகுப்பை நடத்துவது உள்ளூர் ஆசிரியர்கள்தான். நான் ஆங்கிலப் பாடத்துக்கு அட்டைகள் வெட்டினேன், நூலகப் புத்தகங்களுக்குப் பட்டியல் போட்டேன், எக்செல்லில் கணக்கு எழுதினேன். சலிப்பான வேலைதான், ஆனால் நான் கிளம்பிய பிறகும் அவர்களுக்குப் பயன்படும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்ச நேரம் விளையாட்டு. பிள்ளைகள் வட்டமாக உட்கார, ஒருத்தி 'க்ரமா' என்கிற கட்டம் போட்ட துண்டை முறுக்கிக்கொண்டு வெளியே சுற்றுகிறாள். பூனை கடிக்கும் என்று ஏதோ பாட்டு. சத்தமில்லாமல் ஒருவன் முதுகுக்குப் பின்னால் துண்டைப் போட்டுவிட்டு ஒன்றும் தெரியாத முகத்தோடு நடக்கிறாள். அவன் கவனிக்கவில்லையென்றால் அடுத்த சுற்றில் முதுகில் சாத்து. அட, நம்ம குலை குலையா முந்திரிக்கா! என்னையும் வட்டத்தில் உட்கார வைத்துவிட்டு, மூன்று பேர் சொல்லி வைத்தாற்போல என் பின்னால்தான் துண்டைப் போட்டார்கள்.

வெள்ளிக்கிழமை இரவானால் பேருந்து. அங்கோர் வாட் கோயில் இருக்கும் சியம் ரீப்புக்குப் படுக்கை வசதியோடு இரவு வண்டிகள் உண்டு, ஆறு மணி நேரம் போல ஆகும். அங்கோர் வாட் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். கிழக்குப் பிராகாரத்தில் பாற்கடல் கடையும் சிற்பத்தை மட்டும் நின்று நிதானமாகப் பாருங்கள். சுமார் 49 மீட்டர் நீளத்துக்கு ஒரே கதை. வாசுகியின் உடம்பு அசுரர் கையிலிருந்து தேவர் கைக்கு அறுபடாமல் போய்க்கொண்டே இருக்கிறது. நாள் நுழைவுச்சீட்டு 37 டாலர், மூன்று நாளைக்கு 62.

பட்டம்பாங் நகரில் ஃபாரே சர்க்கஸ் பார்த்தேன். அகதி முகாமிலிருந்து திரும்பிய ஒன்பது இளைஞர்கள் 1994-ல் தங்கள் ஓவிய ஆசிரியையோடு சேர்ந்து தொடங்கிய கலைப்பள்ளியின் சர்க்கஸ் அது. நம் பரிதாபப் பார்வைக்கு அங்கே வேலையே இல்லை, பையன்கள் அந்தரத்தில் பறக்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது கம்போட். 2016-ல் மறுபடி ஓட ஆரம்பித்த ரயிலில் போனேன். அவசரமே இல்லாத ரயில். ஊர் நடுவே ரவுண்டானாவில் பிரம்மாண்டமான டுரியான் பழச் சிலை. மிளகுக் கொடியை நம் ஊரில் மரத்தில் ஏற்றிவிடுவோம், இங்கே கம்பத்திலும் செங்கல் தூணிலும் ஏற்றுகிறார்கள். எழுபதுகளில் நடந்த கெமர் ரூஜ் கொடுங்கோல் ஆட்சிக் காலத்தில் அழிந்தே போக இருந்த பயிர், 2010-ல் புவிசார் குறியீடு வாங்கியது. பக்கத்துக் கெப் கடற்கரைச் சந்தையில், கூடையிலிருந்து எடுத்த நண்டைப் பச்சை மிளகுக் கொத்தோடு வதக்கித் தருவார்கள். மிளகைக் காம்போடு மென்று தின்ன வேண்டும்.

திங்கட்கிழமை பிள்ளைகளின் விசாரணைதான் கொஞ்சம் சங்கடம். அங்கோர் வாட் அவர்கள் தேசியக் கொடியிலேயே இருக்கிறது, கம்போடியர்களுக்கு நுழைவும் இலவசம். ஆனால் நான் கேட்டவரை வகுப்பில் ஒருவரும் போனதில்லை. பேருந்துக் காசும் இரண்டு நாள் கூலியும் யார் கொடுப்பது? பார்த்ததைச் சொல்லாமல் மழுப்பலாமா என்று ஆசிரியையிடம் கேட்டேன். சுவரில் இருந்த வரைபடத்துப் பக்கம் கையைக் காட்டினார். சரி என்று அதன் முன்னால் நின்று ஊர் ஊராகச் சொன்னேன்.

கெப் வந்ததும், நண்டு கிலோ என்ன விலை என்று கேட்டான் ஒரு பத்து வயதுக்காரன். சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டான். அடுத்த முறை அவன் சித்தியைக் கூட்டிக்கொண்டு போக வேண்டுமாம்.